வெட்டுப்பட்ட ஓரம்

கடைக்குள் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு வரிசை படியையும் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. எல்லாரும் சட்டைக் கம்பெனிப் பெண்கள். எல்லார் கையிலும் பட்டன் போன். கேமரா வைத்த போனுக்கும் நெட் வரும் போனுக்கும் கம்பெனி விடுதியில் அனுமதி கிடையாது. தைக்கிற சட்டையின் டிசைன் வெளியே போய்விடுமாம். அதனால் வேறெங்கும் யாரும் சீந்தாத பழைய செட்டுகளுக்கு இந்த ஒரு தெருவில் மட்டும் இன்னும் மவுசு குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். அதில் பாதிக்குமேல் இந்தக் கடை வாசலில்தான் கழியும். வீட்டிலிருந்து வரும் கல்யாண வீடியோ, குழந்தை வீடியோ, செத்தவர் வீடியோ எல்லாவற்றையும் பட்டன் போனில் ஓடுகிற மாதிரி மாற்றித் தருவது கடைக்கார அக்காவின் தொழில். அவளுடைய கம்ப்யூட்டர் திரை அவளைப் பார்த்தபடியே இருக்கும். வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் அதன் முதுகும் நான்கு ஒயரும்தான். ஒருத்தி வீட்டுச் சமாச்சாரம் இன்னொருத்தி கண்ணில் படக்கூடாது என்பது அக்காவின் கட்டுப்பாடு.

வரிசையில் ஏழாவதாக நின்றவளை விடுதியில் பட்டன் என்று கூப்பிடுவார்கள். பட்டன் தைக்கும் மெஷினில் உட்காருகிறவள் என்பதால் வந்த பெயர். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்று அவள் எண்ணுவதில்லை. வலது கட்டைவிரல் எண்ணிக்கொள்ளும். சாயங்காலம் அதுவே கணக்குச் சொல்லும்.

பத்து மாதம் முன்பு மகளை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு அவள் வேலைக்கு வந்தாள். அப்போது குழந்தைக்கு ஏழு மாதம். முதுகுக்குத் தலையணை வைத்தால் உட்காரும், எடுத்தால் சாய்ந்துவிடும். இப்போது ஓடுகிறதாம். லீவில் போய்த் திரும்பிய நெட்டச்சிதான் சொன்னாள். நெட்டச்சி அதே ஊர்க்காரி, அதே அறைக்காரி. பட்டனின் புருஷன் கொடுத்ததாக மெமரி கார்டு ஒன்றை நாலாக மடித்த காகிதத்தில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். கார்டைப் போட்டதும் செட்டு ஒரு தரம் முனகியது. பிறகு திறக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

"எந்த செட்டு?" என்றாள் கடைக்கார அக்கா.

பட்டன் நீட்டினாள். அக்கா அதைத் திருப்பி, பின்மூடியைப் பார்த்தாள்.

"அடி ஆத்தி, இதுவா! இதுக்குப் பெருசா குடுத்தா முழுங்காது. நறுக்கி நறுக்கித்தான் ஊட்டணும்." கார்டை ரீடரில் செருகினாள். "ஒரே ஒரு வீடியோதான். நாப்பது செகண்டு. நல்ல போன்ல எடுத்திருக்காங்க, அகலமா இருக்கு. உன் திரையில மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழும். படம் நடுவுல ரிப்பன் மாதிரிதான் வரும். திரை முழுக்க வேணும்னா ரெண்டு ஓரத்தையும் வெட்டணும். எப்படிப் பண்ண?"

"ஓரம் எல்லாம் வெட்டாதீங்கக்கா. எல்லாமே வேணும்."

"சரி. பெருசும் கார்டுலயே இருக்கட்டும். பின்னாடி நல்ல போன் வந்தா அதுல பாத்துக்கலாம்."

அக்கா எதையோ தட்டிவிட்டு அடுத்த ஆளின் செட்டைக் கழற்றத் தொடங்கினாள். மாற்றுகிற வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான்.

பட்டன் கடை நிழலிலேயே நின்று பார்த்தாள். தீப்பெட்டி அகலத் திரை. அதன் நடுவில் ரிப்பன். ரிப்பனில் அவள் வீட்டு முற்றம். வலது பக்கம் நீலத் தண்ணீர் டிரம். டிரம்மின் அருகே ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்குக் கால் இருந்தது. கால் நகர்ந்தது. ஓடியது. இரண்டு தரம் தள்ளாடி, விழாமல், படம் முழுவதையும் வலமிருந்து இடமாகக் கடந்தது. போனின் ஒலிபெருக்கி தகரத்தைச் சுரண்டுவது போல இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே "ம்மா" என்று கேட்டது.

பட்டன் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற பெண் தோளில் தட்டினாள். "அழுவறதா இருந்தா கொஞ்சம் தள்ளி நின்னு அழுடி. வழிய மறைக்கற."

முதல் தரம் பார்த்தபோது காலை மட்டும் பார்த்தாள். இரண்டாவது தரம் சிவப்புச் சட்டையைப் பார்த்தாள். விடுதிக்குத் திரும்பும் வழியில் மூன்றாவது தரம் பார்த்தபோதுதான் இடது ஓரத்தில் இருந்த மஞ்சள் திட்டைப் பார்த்தாள். யாரோ குந்தி உட்கார்ந்து ஒரு கையை முன்னால் நீட்டியிருந்தார்கள். முகம் நான்கு சதுரமாகக் கலைந்திருந்தது. ஆனாலும் அந்த மஞ்சள் அவளுக்குத் தெரியும். பெட்டியில் மடித்து வைத்துவிட்டு வந்த அவளுடைய பூப்போட்ட நைட்டி. அதைப் போட்டிருந்தது நாத்தனார். குழந்தை "ம்மா" என்று ஓடிப் போய் விழுந்தது அந்த மஞ்சளில்தான்.

விடுதி அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு வேகமா ஓடுது பாரேன்!"

"யாருகிட்ட ஓடுது?"

"அத்தைகிட்ட."

"அத்தையப் பாத்தா அம்மாங்குது?" என்றாள் நெட்டச்சி. வேறு ஒன்றும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு துணி அலசப் போய்விட்டாள். பட்டனின் காதில் அது மட்டும் தங்கிவிட்டது.

மறுநாள் மெஷினில் உட்கார்ந்ததிலிருந்து அதே நினைப்பு. சட்டையை வைத்தாள், மிதித்தாள், நகர்த்தினாள். குழந்தைக்கு நகம் யார் வெட்டுகிறார்கள்? நாத்தனார்தான். ஜுரம் வந்தால் யார் மடி? அவள் மடி. தூக்கம் வரும்போது குழந்தை இடது காது மடலைப் பிடித்துக்கொள்ளும். தன் காதை அல்ல, தூக்கி வைத்திருப்பவள் காதை. பட்டனின் இடது காதில் அந்தச் சின்ன விரல்களின் சூடு இன்னும் இருந்தது. வீடியோவில் மஞ்சள் திட்டில் விழுந்தபிறகு குழந்தையின் கை மேலே போகிறது. எங்கே போகிறது என்று திரையில் தெரியாது. பட்டனுக்குத் தெரியும். காதுக்குத்தான் போகிறது.

ஊசி 'டக்' என்று நின்றது. பட்டன் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தையல் லைனில் யாரோ, "ஏய், எங்க இருக்க நீ?" என்றார்கள்.

அன்று சாயங்காலம் புருஷன் போன் செய்து, "வீடியோ பாத்தியா?" என்று ஆசையாகக் கேட்டான். மூட்டை தூக்குகிறவன், நல்ல போனைக் கூட்டாளி ஒருவனிடமிருந்து பாதி விலைக்கு வாங்கியிருந்தான்.

"பாத்தேன்."

"எப்படி?"

"பாத்தேன்னு சொன்னேனே."

"தங்கச்சி பேசணுங்குது. குடுக்கவா?"

"தலைவலி. அப்பறம் பேசறேன்."

புதன்கிழமை லீவுச் சீட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் மேஜைக்குப் போனாள். அது மூன்றாவது தடவை. சூப்பர்வைசர் சீட்டைப் படிக்காமலே ஒரு கோப்புக்குள் செருகினார்.

"இந்த ஷிப்மெண்ட் போகட்டும்மா."

"போன ஷிப்மெண்டுக்கும் அதத்தான் சார் சொன்னீங்க. புள்ளையப் பாத்துப் பத்து மாசம் ஆகுது."

"புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்பறம் என்ன? இப்பதான் எல்லாரும் ஞாயித்துக்கிழமை ஆனா வரிசையில நின்னு வீடியோ ஏத்திக்கிட்டு வர்றீங்களே. அதுல பாத்துக்க வேண்டியதுதான்." அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரிடமும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"என்ன, ஓடலையா?" என்றாள் கடைக்கார அக்கா.

"ஓடுது. அன்னிக்கு ஓரத்த வெட்டலாம்னு சொன்னீங்கல்லக்கா. இடது பக்கம் வெட்டணும். குழந்தை மட்டும் இருந்தா போதும்."

அக்கா பெரிய வீடியோவைத் திறந்து மவுஸை நகர்த்தினாள். அவளுடைய மூக்குக் கண்ணாடியில் திரையின் வெளிச்சம் ஓடியது. பட்டன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டினா குழந்தை நல்லா பெருசாத் தெரியும். ஆனா பாதி தூரம் ஓடினதும் படத்த விட்டு வெளிய போயிடும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"இந்தப் பொண்ணு கையில ஏதோ வெச்சுக் காட்டுதே, அதையும் கொஞ்சம் சேத்து..."

"அவ வேணாம்க்கா. மொத்தமா வெட்டிடுங்க."

அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் பார்த்தாள். வெளியே வரிசை முணுமுணுத்தது.

"சத்தம்?"

"சத்தத்துல குழந்தைய மட்டும் வெச்சுட்டு அவ குரல எடுக்க முடியுமா? வா வான்னு கூப்பிடறா."

"பிரியாணிலேர்ந்து உப்ப மட்டும் பொறுக்கச் சொல்ற மாதிரி இருக்கு. வெச்சா எல்லாம் இருக்கும். எடுத்தா எல்லாம் போயிடும்."

பட்டன் கடை மேஜைக் கண்ணாடியை விரலால் தேய்த்தாள். அந்த "ம்மா" அவளுக்குச் சொன்னதாக இருந்தால் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டாள்.

"எடுத்துடுங்க."

"முன்னாடி மாத்தினதும் பெருசும்?"

"ரெண்டையும் அழிச்சிடுங்க."

"அழிச்சா திரும்ப வராது, பாத்துக்கோ. என்கிட்டயும் நான் எதையும் வெச்சுக்கறதில்ல."

"தெரியும்க்கா. அழிங்க."

மணி அடித்தது. அவள் படியிறங்கினாள்.

இப்போது திரை முழுவதும் குழந்தை. கண் இருந்தது, மூக்கு இருந்தது, முட்டியில் காய்ந்த மண் இருந்தது. டிரம்மின் பக்கத்திலிருந்து கிளம்பி, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடி, இடது பக்கமாக ஓடியது. திரையின் விளிம்புக்கு வந்ததும் காணாமல் போனது. அதற்கப்புறம் வெறும் முற்றம். பதினேழு செகண்டு வெறும் முற்றம்.

குழந்தை இப்போது யாரிடமும் ஓடவில்லை. அது போதும்.

"என்னடி, பாதிலயே காணாமப் போகுது?" என்றாள் நெட்டச்சி அன்று அறையில். "அத்தைய எங்க? முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்."

"செரிச்சிடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். பட்டனும் சிரித்தாள்.

செரிக்கவில்லை. வெட்டி எறிந்தவள் நைட்டியோடு அப்படியே உள்ளே உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினாள். வெறும் முற்றம் ஓடும் பதினேழு செகண்டும் பட்டன் அவளைத்தான் பார்த்தாள். வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்த சூட்டோடு, மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்று போன் போட்டாள். அங்கேதான் சிக்னல் நிற்கும். கொடியில் அறுபது பேர் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"உன் தங்கச்சிகிட்ட குடு."

நாத்தனார் ஓடி வந்து வாங்கியது மூச்சிலேயே தெரிந்தது. "அண்ணி! சாப்டீங்களா? தலைவலி போச்சா?"

"அது கெடக்கட்டும். குட்டி உன்ன என்னன்னு கூப்பிடுது?"

"என்ன அண்ணி?"

"காது நல்லாத்தான இருக்கு? வீடியோல அம்மான்னு கத்திக்கிட்டு உன் மடியிலதான வந்து விழுது. நீதான சொல்லிக் குடுத்த? என் நைட்டியப் போட்டுக்கிட்ட. என் புள்ளைய எடுத்துக்கிட்ட. இன்னும் அங்க என்னோடது என்ன பாக்கி இருக்கு? சொல்லு, அதையும் எடுத்துக்க."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது.

"அண்ணி, என் கையில என்ன இருந்துச்சுன்னு பாக்கலையா?"

"என்ன இருந்துச்சு?"

"உங்க போட்டோ."

பட்டன் டாங்கியின் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பெனியில சேர எடுத்தீங்கல்ல, அதுல மிச்சம் ஒண்ணு இருந்துச்சு. அண்ணன் அதப் பெருசு பண்ணி அட்டையில ஒட்டிக் குடுத்துச்சு. தெனமும் காலையில காட்டுவேன், அம்மா பாரு, அம்மா பாருன்னு. அன்னிக்கு அதப் பாத்துதான் அம்மான்னு ஓடி வந்தா. வந்து அட்டையத்தான் அண்ணி புடிச்சா. என்னைய இல்ல. உங்க காதத் தேடி அட்டைய நோண்டுனா. அதுக்காகத்தான் வீடியோவே எடுத்தோம்."

"ஒண்ணுமே தெரியலடி," என்றாள் பட்டன். "மஞ்சளா ஒரு திட்டு. அவ்வளவுதான் தெரிஞ்சுது."

"நைட்டி இல்லன்னா தூங்க மாட்டேங்கறா. அதான் போட்டுக்கறேன்." நாத்தனாரின் குரல் உடைந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. "இவளப் பாத்துக்க ஆள் இல்லன்னு பரீட்சை எழுதாம வீட்டுல உக்காந்திருக்கேன். அம்மாங்கற பேர் வாங்கவா உக்காந்திருக்கேன்? எனக்கு எதுக்கு அண்ணி அது?"

"அந்த வீடியோவத் திரும்ப அனுப்பு" என்றாள் பட்டன். "நெட்டச்சி வீட்டு ஆளுங்க யாராவது வந்தா அவங்ககிட்ட குடுத்து விடு."

"போன் நின்னுபோச்சுன்னு போன வாரம் அண்ணன் கடையில குடுத்துச்சு. எல்லாத்தையும் துடைச்சுட்டுக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்ல, அது போதும்னு விட்டுட்டோம்."

கொடியில் ஒரு பாவாடை காற்றில் எழும்பி பட்டனின் முகத்தில் விழுந்தது. அவள் அதை விலக்கவில்லை.

"அப்ப இன்னொரு தடவ எடு. போட்டோவக் காட்டி எடு. நான் ஒண்ணும் வெட்ட மாட்டேன்."

"என்ன வெட்ட மாட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. எடுப்பியா?"

"எடுக்கலாம் அண்ணி. ஆனா இப்பல்லாம் போட்டோவக் காட்டினா வர்றதில்ல. தட்டி விட்டுடறா."

"ஏன்?"

"என்னன்னு சொல்ல? எத்தன நாளுதான் அட்டையவே பாப்பா? அது தூக்க மாட்டேங்குது, பேச மாட்டேங்குது." பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்கியது. "இரு, இரு, வந்துட்டேன்... எப்ப வர்றீங்க அண்ணி?"

"லீவு கேட்டிருக்கேன்."

"அதான் எப்பவும் சொல்றீங்களே."

அந்த ஞாயிறு யாரையும் வெளியே விடவில்லை. ஷிப்மெண்ட் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்களாம். ஞாயிறும் வேலை. கடைக்குப் போயிருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று பட்டனுக்குத் தெரியும். இருந்தாலும் முதல் நாள் சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் அதைச் சொன்ன காகிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

அன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். இப்போது அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. இடது விளிம்பைப் பார்த்தாள். அக்கா நல்ல வேலைக்காரி, சுத்தமாக வெட்டியிருந்தாள். ஆனால் குழந்தை விளிம்புக்கு வரும் அந்த நொடியில், மஞ்சள்காரி ஆர்வத்தில் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்க வேண்டும். ஏதோ வெள்ளையாக ஒரு மூலை உள்ளே வந்து போனது. பட்டன் அதில் நிறுத்தப் பழகினாள். ஏழு எட்டு தரம் தவறி, பிறகு நிறுத்தினாள். எள்ளளவு வெள்ளை. அட்டையின் மூலையா, போட்டோவில் இருக்கிற அவளுடைய தோளா, சொல்ல முடியாது. பதினைந்து செகண்டுக்கு ஒரு தரம் திரை வெளிச்சம் அணைந்தது. ஒவ்வொரு தரமும் வலிக்கிற கட்டைவிரலால் அமுக்கி அதை எழுப்பினாள்.

"மறுபடியும் என்னடி தேடற?" என்றாள் நெட்டச்சி மேல் கட்டிலிலிருந்து.

"என்னத்தான்."

"உன்னையா?"

பட்டன் அணைந்த திரையை மறுபடியும் அமுக்கி எழுப்பினாள்.

காலையில் கம்பெனி வாசலில் வரிசை. முன்னால் நிற்பவள் நகர நகர இவளும் நகர்ந்தாள். வழக்கம்போல வாசல்காரர் நீல டிரேயை நீட்டினார். அதில் ஏற்கெனவே நூறு பட்டன் போன் கிடந்தது. இவள் தன்னுடையதை அணைத்துப் போட்டாள். அது மற்றவற்றோடு கலந்து எது என்று தெரியாமல் போனது. டோக்கனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்தது வருகைப் பதிவு மெஷின். போன மாதம்தான் மாட்டியிருந்தார்கள், பெரிய டிவி அளவுக்குத் திரை. கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினால், காட்டியவள் முகம் அதில் வரும். கூட்டத்தில் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. அட்டையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பட்டன் அட்டையைக் காட்டினாள். கம்பெனியில் சேர்வதற்காக எடுத்த அந்தப் போட்டோ திரை முழுவதும் வந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. போட்டோவுக்காக இரவல் வாங்கிப் போட்ட வெள்ளைச் சட்டை. குழந்தைக்குப் பால் நிறுத்தி, மார்பில் பால் கட்டி வலித்த அன்று எடுத்தது. கண்ணுக்குக் கீழே அந்த வலிகூடத் தெரிந்தது. ஒரு மயிர் கலையவில்லை. இடது காது மடலில் இருந்த சின்ன மச்சம்வரை துல்லியமாக இருந்தது.

"சரியாயிடுச்சும்மா, நகரு" என்றார் வாசல்காரர்.

அவள் நகரவில்லை. பின்னால் இருந்தவள் கையை நீட்டித் தன் அட்டையைக் காட்டினாள். மெஷின் 'பீப்' என்றது. திரையில் வேறொரு முகம் வந்தது.